அளந்து ஊட்டிய ஆசிரியை
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

     

வெள்ளி விழா மேடைகளில் தலைவர்களின் வாழ்க்கையை எடுத்துரைப்பது நம் வழக்கம். அது நல்ல வழக்கமே. இரட்டைமலை சீனிவாசனாரையும், எம். சி. இராசாவையும், அன்னை மீனாம்பாள் சிவராஜையும், 1916ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக்கூடம் கண்ட சுவாமி சகஜானந்தரையும் அறியாமல் நம் பிள்ளைகள் வளரலாகாது. காலை முதல் அறிஞர் பலர் அவர்களைப் பற்றிப் பேசிவிட்டனர். ஆகவே நமக்கு அளிக்கப்பட்ட இச்சிறு பொழுதில் ஓர் ஆசிரியையைப் பற்றிப் பேச விழைகிறோம். அவர் கட்சி நடத்தியவரல்லர். மேடை முழக்கம் செய்தவரல்லர். அரிசியையும் பயற்றையும் கீரையையும் நிறுத்துப் பார்த்து, ஏழைக் குழந்தையின் வயிற்றுக்கு எது போதும், எது போதாது என்று கணக்கிட்டுக் காட்டியவர். அவர்தாம் டாக்டர் ராஜம்மாள் பாக்கியநாதன் தேவதாஸ். அவர் கற்பித்த பாடம் மனையியல்.

மனையியல் என்றதும் பின்வரிசை இளைஞர் சிலர் முகத்தில் முறுவல் தோன்றுவதைக் காண்கிறோம். அந்த முறுவலுக்காகவே இப்பொருளை எடுத்துக்கொண்டோம். நம் சங்கத்தின் உதவித்தொகைக் குழுவின் முன் இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களில் இரண்டு மட்டும் முடிவு செய்யப்படாமல் நிற்கின்றன. விண்ணப்பித்த இரு மாணவியரில் ஒருத்தி மனையியல் பட்டப் படிப்பிலும், மற்றொருத்தி ஊட்டச்சத்தியலிலும் சேர்ந்திருக்கிறார்கள். பொறியியலுக்கும் செவிலியர் படிப்புக்கும் வணிகவியலுக்கும் தயங்காமல் கை நீட்டிய நம் குழுவில், இவ்விரண்டைக் கண்டதும் பெரியவர் ஒருவர், "சோறாக்கப் படிப்பதற்கா சங்கத்துப் பணம்?" என்று கேட்டார். கேட்டவரை நாம் குறை கூறவில்லை. அக்கேள்விக்குள் ஒரு பழைய வலி இருக்கிறது. கூலிக்கும் கஞ்சிக்கும் பிறர் வாசலில் நின்ற தாய்மாரின் பேத்திகள் படித்து முன்னேறும்போது, அவர்கள் மீண்டும் அடுப்படிக்கா போக வேண்டும் என்ற வலி அது.

ஆனால் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஊர்த்தெரு வீடுகளின் அடுப்படிக்குள் நம் தாய்மார்களை யார் விட்டார்கள்? களத்துமேடு வரை போனார்கள். மாட்டுத் தொழுவம் வரை போனார்கள். கொல்லைப்புறத் திண்ணை வரை போனார்கள். அடுப்படி அவர்களுக்கு மூடியே இருந்தது. அவர்கள் கைபட்ட நீரும் சோறும் தீட்டு என்றன்றோ சொல்லப்பட்டது? கோயில் வாசல் திறந்த கதையை ஆண்டு குறித்துப் பேசுகிறோம். அடுப்படி வாசல் எப்போது திறந்தது, முழுவதும் திறந்துவிட்டதா என்று நாம் பேசுவதில்லை. இந்த ஆசிரியையின் வாழ்வை நம் சங்கத்தார் அறிய வேண்டும் என்று கருதுவதற்கு இதுவே காரணம்.

ராஜம்மாள் அம்மையார் 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் செங்கத்தில் பிறந்தவர். செங்கம் எங்கோ தொலைவிலுள்ள ஊரன்று. திண்டிவனத்தில் பேருந்து ஏறினால் செஞ்சி, திருவண்ணாமலை கடந்து அதே நெடுஞ்சாலையில் வரும் சிற்றூர்தான். இவ்வட்டாரத்தின் மண்ணும் மழையும் கேழ்வரகும் மல்லாட்டையும் அவ்வூருக்கும் உரியவை. பெண் பிள்ளை எழுதப் படிக்கக் கற்றாலே போதும் என்றிருந்த காலத்தில், அவர் சென்னை இராணி மேரிக் கல்லூரி வரை சென்று படித்தார். பின்னர்க் கடல் கடந்து அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மனையியலும் ஊட்டச்சத்தியலும் பயின்று முனைவர் பட்டத்தோடு திரும்பினார். நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. சில காலம் மத்திய அரசில், சிற்றூர் மக்களிடம் மனையியலைக் கொண்டு செல்லும் விரிவாக்கப் பணியில் இருந்தார். அதன்பின் கோயம்புத்தூரில் 1957ஆம் ஆண்டு தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் தோற்றுவித்த மனையியல் கல்லூரியே அவருடைய வாழ்நாள் களமாயிற்று. அக்கல்லூரி 1988ஆம் ஆண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது அதன் முதல் துணைவேந்தரானார். பின்னர் வேந்தராகவும் விளங்கினார். 1992ஆம் ஆண்டு பத்மசிறீ விருது பெற்றார். 2002ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், 83 வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது மறைந்தார்.

"அவர் நம்மவரா?" என்று இந்நேரம் சிலர் பக்கத்திலிருப்பவரைக் கேட்டிருப்பீர்கள். நாம் அதை ஆராயப் புகவில்லை. பாடம் கற்பித்தவரிடம் பாடத்தைத்தான் கேட்க வேண்டும் என்பது ஆசிரியத் தொழிலில் நாம் கண்டது. நம் குழந்தைகளின் வயிற்றைப் பற்றி அவர் என்ன கண்டறிந்து சொன்னார் என்பதே இங்குப் பொருள்.

மனையியல் என்ற பாடம் நம் நாட்டில் எப்படித் தொடங்கியது என்பதை முதலில் அறிய வேண்டும். 1932ஆம் ஆண்டு தில்லியில் இர்வின் சீமாட்டியார் பெயரால் இதற்கென ஒரு கல்லூரி எழுந்தது. உணவு, உடை, குழந்தை வளர்ப்பு, இல்ல நிருவாகம் என்ற பகுதிகள் பாடத்தில் இருந்தன. எனினும் வசதியுள்ள வீட்டுப் பெண்களை நல்ல இல்லத்தரசியராக ஆக்கும் பாடம் என்ற எண்ணமே நெடுங்காலம் அதன்மேல் படிந்திருந்தது. மேசை விரிப்பில் பூத்தையல், விருந்தினர்க்குப் பரிமாறும் முறை, பாலும் நெய்யும் தவறாத உணவுப் பட்டியல் என்று அது நடந்தது. காலையில் கூழும் இரவில் சோறும் கிடைத்தால் அது நல்ல நாள் என்று வாழ்ந்த குடும்பத்துக்கு அந்தப் பட்டியலால் என்ன பயன்? இப்பாடத்தைக் கண்டு நம் மக்கள் சிரித்தார்கள் என்றால், அச்சிரிப்பில் நியாயம் இருந்தது என்றே சொல்வோம்.

அந்த நிலையை மாற்றியவர்களுள் ராஜம்மாள் அம்மையார் முதல் வரிசையில் நிற்பவர். என்ன உண்ண வேண்டும் என்று பணக்காரர் பட்டியலிலிருந்து அவர் தொடங்கவில்லை. ஏழையின் குடிசையில் என்ன இருக்கிறது, வயலிலும் வேலியோரத்திலும் என்ன விளைகிறது என்று அங்கிருந்து தொடங்கினார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் அவருடைய கல்லூரியில் உருவான 'குழந்தை அமுது' என்னும் மாவு. சோளம், மக்காச்சோளம், கேழ்வரகு ஆகியவற்றுள் அவ்வூரில் கிடைக்கும் தானியம் ஒன்று. அதனோடு பாசிப்பயறு, நிலக்கடலை, வெல்லம். அவ்வளவே. கடையில் தகர டப்பாவில் விற்கும் குழந்தை உணவுக்குக் கூலிக்காரர் கொடுக்க முடியாத விலை. இதுவோ அவரவர் வீட்டிலேயே வறுத்து இடித்து வைத்துக்கொள்ளக்கூடியது.

இதில் என்ன அறிவியல் இருக்கிறது, நம் பாட்டிமார் செய்யாததா என்று கேட்கலாம். பாட்டிமார் செய்ததுதான். ஆனால் அது ஏன் பலன் தருகிறது, எவ்வளவு சேர்த்தால் பலன் தருகிறது என்று அறிவதே அறிவியல். தானியத்தில் உள்ள புரதம் முழுமையானதன்று. லைசின் என்னும் ஒரு கூறு அதில் குறைவு. பயற்றில் அக்கூறு நிறைய உண்டு. ஆனால் பயற்றில் குறைவாக உள்ள வேறொரு கூறு தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. கடலை, புரதத்தோடு எண்ணெய்ச் சத்தையும் தருகிறது. குழந்தையின் வயிறு கைப்பிடியளவுதான். வெறுங்கூழைக் குடித்தால் சத்துச் சேருமுன் வயிறு நிறைந்துவிடும். எண்ணெய்ச் சத்தும் வெல்லமும் சேர்ந்தால் சிறிய அளவிலேயே மிகுந்த ஆற்றல் கிடைக்கும். வறுப்பதனால் ஈரம் நீங்கி மாவு நாட்பட இருக்கும். எளிதில் செரிக்கவும் செய்யும். இத்தனையும் அடங்கிய ஒரு பிடி மாவு அது.

கடலை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேளாண் துறையார் டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று நிலக்கடலை இரகங்களைச் சொல்வார்கள். அந்த மூன்றெழுத்து வேறொன்றுமன்று, திண்டிவனமேயாகும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்து 1940ஆம் ஆண்டு வெளியிட்ட டி.எம்.வி. 2 இந்தியாவின் பல மாநிலங்களுக்குப் பரவியது. உலகுக்கு விதை கொடுத்த ஊர் இது. அதைக் களையெடுத்துப் பறித்து ஆய்ந்த கைகள் பெரும்பாலும் நம் தாய்மார்களின் கைகள். ஆனால் அந்தக் கடலை முழுவதும் மூட்டை கட்டி எண்ணெய் ஆலைக்குப் போயிற்று. பறித்தவள் மடியில் இருந்த குழந்தைக்கு அது உணவு என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. எடுத்துச் சொல்லும் ஆளைத்தான் மனையியல் உண்டாக்குகிறது.

கீரையிலும் இப்படித்தான். நம்மில் முதியோர் பலர்க்கு 'மாலைக்கண்' என்ற சொல் தெரியும். பொழுது சாய்ந்ததும் குழந்தை தடுமாறி விழும். கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடும். வைட்டமின் ஏ குறைவே அதற்குக் காரணம். 1970ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு, ஆறு திங்களுக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு அதனைச் சொட்டு மருந்தாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மருந்து வரும் வழி அது. மண்ணிலிருந்து வரும் வழியும் ஒன்று உண்டு. தண்டுக்கீரையில் உள்ள கரோட்டின் என்னும் பொருள் சிறு குழந்தைகளின் உடலில் எவ்வளவு ஏற்கப்படுகிறது என்பதை ராஜம்மாள் அம்மையாரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 1970களில் உலக ஆய்விதழ்களில் எழுதினர். கீரை, வேலியில் இலவசமாக முளைப்பது. அதனை வேகவைத்த நீரைக் கொட்டாமல், ஒரு சிறு கரண்டி எண்ணெய் சேர்த்துக் கடைந்து ஊட்ட வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால் அச்சத்து உடலில் சரிவரச் சேராது. ஒரு கரண்டி எண்ணெய்க்கும் ஒரு பிள்ளையின் கண்ணுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நெருக்கமானது.

நம் உணவைப் பற்றி நமக்கே ஒரு கூச்சம் ஊட்டப்பட்டிருந்தது. பள்ளிக்குக் கேழ்வரகுக் களியோ கூழோ கொண்டுவந்த பிள்ளை, பிறர் பார்க்காதபடி சுவரோரம் திரும்பி உண்டதை நாம் அறிவோம். வெள்ளை அரிசிச் சோறே மதிப்பு என்று இருந்தது. அந்த வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் அளவே சுண்ணாம்புச் சத்து உண்டு. கேழ்வரகிலோ ஏறத்தாழ 350 மில்லிகிராம்! கூச்சப்பட வேண்டியவர் யார்? இன்று நகரத்துக் கடைகளில் சிறுதானியம் என்று பெயர் சூட்டி, அழகிய பையில் அடைத்து, மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அதை வாங்குவோரில் நம் அரசு அலுவலர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம்.

பள்ளி உணவுக்கு வருவோம். 1920ஆம் ஆண்டு பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகல் உணவு அளித்தது. 1956ஆம் ஆண்டு பெருந்தலைவர் காமராசர், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் துணையோடு மதிய உணவை மாநிலம் முழுதும் பரப்பினார். 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அவர்கள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தை நம் தலைமுறை மறக்காது. இங்கு அமர்ந்திருக்கும் ஐம்பதைக் கடந்தோர் அனைவரும் அலுமினியத் தட்டோடு வரிசையில் நின்றவர்களே. நாமும் அவ்வரிசையில் நின்றோம். பின்னர் வந்த கலைஞர் ஆட்சி 1989ஆம் ஆண்டு முட்டையைச் சேர்த்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் காலை உணவும் தொடங்கியது. ஆட்சிகள் மாறின, தட்டு நிற்கவில்லை. இந்திய நாட்டில் பிற மாநிலங்கள் வியந்து நோக்கும் செய்தி இது.

இத்திட்டங்களின் பின்னே ஒரு கேள்வி எப்போதும் உண்டு. வயிறு நிறைந்தது, உடல் வளர்ந்ததா? இதை அறிய எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், குருதி ஆய வேண்டும், ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். இந்த அளக்கும் பணியில் ராஜம்மாள் அம்மையாரும் அவருடைய மாணவியரும் சிற்றூர்ப் பள்ளிகளுக்குள் புகுந்தனர். சத்துணவுத் திட்டம் தொடங்கிய மறு ஆண்டே, 1983இல், அதனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். ஏழைப் பிள்ளைக்குப் போடும் சோறு வீண் செலவு என்று பேசினவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களுக்கு விடை சொல்ல உருக்கமான பேச்சு போதாது, எண்கள் வேண்டும்.

நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் பசி தீர்த்தலே வழிபாடு என்ற நெறி வேரூன்றியது. 1867ஆம் ஆண்டு வள்ளலார் வடலூரில் தருமசாலை அமைத்து மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ராஜம்மாள் அம்மையார் பணியாற்றிய கல்விக்கூடமும் இராமகிருட்டிணர், சாரதா தேவியார், விவேகானந்தர் ஆகியோர் நெறியைத் தழுவியது. வழிபாட்டுக்கும் தொண்டுக்கும் அங்கே இடம் உண்டு. பசித்தவனுக்குச் சமயம் போதிப்பது அவனை அவமதிப்பதாகும் என்ற கருத்தை 1893ஆம் ஆண்டிலேயே சிக்காகோவில் எடுத்துரைத்தவர் விவேகானந்தர். இந்நெறிகளைப் போற்றும் அதே வேளையில் நாம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அருளால் இடும் சோறு, இடுபவரின் மனத்தைப் பொறுத்தது. அவர் மனம் மாறினால் உலை இறங்கிவிடும். அளவும் கணக்கும் அறிந்து, இவ்வளவு தேவை, இது என் பிள்ளையின் உரிமை என்று கேட்கத் தெரிந்தவரிடம் அப்படி நடவாது. பக்தியோடு அளவுகோலையும் சேர்த்தெடுத்தவர் இந்த ஆசிரியை என்பதே நம் மதிப்பீடு.

பெண் கற்க வேண்டிய அறிவு எது என்பதற்குத் திண்டிவனமே ஒரு சான்று. 1890களில், அமெரிக்க ஆர்க்காடு மிசனைச் சேர்ந்த தம் பெற்றோரிடம் வந்திருந்தார் ஐடா ஸ்கட்டர் என்னும் இளம்பெண். ஓரிரவில் மூன்று வீட்டார், ஒருவர் பின் ஒருவராக, பேறுகால வேதனையிலிருந்த தம் பெண்டிருக்கு உதவ அவரை அழைத்தனர். மருத்துவரான தந்தை வருவார் என்றபோது, ஆண் மருத்துவர் கூடாது என்று மூவரும் மறுத்துச் சென்றனர். விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது. வேலூர் மருத்துவமனையும் 1918ஆம் ஆண்டில் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியும் அதன் விளைவு. வீட்டுக்குள் நுழையக்கூடிய பெண்ணுக்கு அறிவு இல்லாவிட்டால், அவ்வீட்டில் உயிர் போகும் என்பதை இந்த ஊர் கண்டது. இன்றும் உயிர் மெல்ல மெல்லப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை. நூற்றுக்கு ஐம்பத்து மூவர்! இந்த அரங்கில் அமர்ந்துள்ள தாய்மார்கள் தம் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

அடுப்படி வாசல் முழுவதும் திறந்துவிட்டதா என்று முன்னே கேட்டோம். 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில், தேசத்தொண்டுக்கென்றே அமைந்த இடத்தில், சாதி பார்த்துத் தனிப்பந்தி நடந்ததைத் தந்தை பெரியாரும் வரதராசலு நாயுடு அவர்களும் எதிர்த்தது வரலாறு. நூறாண்டு கழிந்தது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், உச்ச நீதிமன்றம் பள்ளி உணவு பற்றிய வழக்கில், சமையலர், உதவியாளர் பணி அமர்த்தலில் தலித்துகளுக்கும் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று ஆணையிட்டது. சட்டம் வந்தது. 2018ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பகுதியில், நம் இனத்துப் பெண் ஒருவர் பள்ளியில் சமைக்கலாகாது என்று பெற்றோர் சிலர் திரண்டு நின்றனர். அவர் இடம் மாற்றப்பட்டார், கண்டனம் எழுந்தபின் மீண்டும் அதே பள்ளிக்கு வந்தார், வழக்கும் பதிவாயிற்று. நோயையும் சத்தையும் அறியாத சாதி, தட்டில் இருப்பதைப் பார்க்காமல் கரண்டி பிடித்த கையைப் பார்க்கிறது.

கரண்டி பிடிக்கும் கைக்கு முன்னுரிமை வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அதனோடு நின்றுவிட நாம் உடன்படவில்லை. அன்றைய உணவில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிடும் இடத்தில் நம் பெண் அமர வேண்டும். அங்கன்வாடிகளை மேற்பார்வையிடுவோர், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், மருத்துவமனையில் நோயாளிக்கு உணவு வகுப்பவர், மேல்நிலைப் பள்ளியில் இப்பாடம் நடத்துபவர் ஆகிய இடங்களுக்கு மனையியலும் ஊட்டச்சத்தியலும் வழி திறக்கின்றன. 1975ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது முதல் இப்பதவிகள் பெருகி வந்துள்ளன. அவ்விடங்களில் நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல்கள் மிச்சமாகும்.

நம் பிள்ளைகள் தங்கிப் பயிலும் விடுதிகளை எடுத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டு அவற்றுக்குச் சமூக நீதி விடுதி என்று பெயர் மாறியது, மகிழ்ச்சி. 2023ஆம் ஆண்டு பள்ளி மாணவர்க்கான உணவுப் படி திங்களுக்கு 1000 ரூபாயிலிருந்து 1400 ரூபாயாக உயர்ந்தது; அதுவும் மகிழ்ச்சி. 1400 ரூபாயை 30 நாளுக்குப் பகுத்தால் நாளுக்கு 47 ரூபாயும் முழுதாக வராது. இந்த 47 ரூபாயில், வளரும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டிய புரதம் எத்தனை கிராம், கிடைப்பது எத்தனை கிராம்? காய்கறி வாங்கிய சீட்டில் எழுதிய எடையும் தட்டில் விழுந்த எடையும் ஒன்றா? இதைக் கேட்க வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஊட்டச்சத்தியல் படித்த ஒரு பெண் ஒரு தராசோடு போனால் போதும்.

நாம் பணியாற்றும் பள்ளியில் சென்ற ஆண்டு ஒரு சிறு முயற்சி செய்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை, ஆண் பெண் இருபாலரையும் சேர்த்து, ஒரு வாரம் சத்துணவுக் கூடத்தில் அரிசி, பருப்பு, காய், எண்ணெய் ஆகியவற்றின் எடையைக் குறிக்கச் செய்து, கணக்குப் பாட வேளையில் தலைக்கு எவ்வளவு என்று வகுக்கச் சொன்னோம். ஆண் பிள்ளைகள் முதல் நாள் வெட்கப்பட்டார்கள். மூன்றாம் நாள் தராசுக்குச் சண்டையிட்டார்கள். அடுப்பும் குழந்தையும் பெண்ணுக்கே என்று மனையியலின் பழைய நூல்கள் கொண்டிருந்த எண்ணம் நமக்கு உடன்பாடன்று. உண்ணும் வாய் இருவர்க்கும் இருப்பதால் அறிவும் இருவர்க்கும் வேண்டும். வாரக் கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இந்த வாரம் முழுக்கக் கீரையே இல்லை. மதில் ஓரத்து முருங்கை இலை பழுத்து உதிர்கிறதே!" என்றாள். சமைக்கும் அம்மாவிடம் சொன்னோம். அடுத்த வாரம் சாம்பாரில் முருங்கைக்கீரை வந்தது. அதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை.

இனி, நம் சங்கத்தின் பொருளுக்கு வருகிறோம். நிறுத்தி வைக்கப்பட்ட அவ்விரு விண்ணப்பங்களும் இன்று பிற்பகல் பொதுக்குழுவின் முன் வைக்கப்படுகின்றன. செயற்குழு உறுப்பினர் என்ற முறையில் அவற்றுக்கு ஆதரவாக நாமே முன்மொழிய இருக்கிறோம். இருவர்க்கும் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் எவ்வளவு என்ற விவரம் பொருளாளர் மேசையில் உள்ளது, வேண்டுவோர் பார்த்துக்கொள்ளலாம். ஒருத்தியின் தாயார் சத்துணவுக் கூடத்தில் உதவியாளராக இருப்பவர். அவரும் இங்கு வந்திருக்கிறார். சோறாக்கப் படிப்பதற்கா பணம் என்று கேட்ட பெரியவர் அவர்களும் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். உணவு இடைவேளையில் இருவரும் ஒரு பந்தியில் அமர்ந்து பேசினால் நன்று என்று கேட்டுக்கொள்கிறோம்.